கர்ப்பிணித் தாயும் மாரிகாலக் காய்ச்சலும்: கல்முனைக் கரையோரம் கவனிக்க வேண்டிய விடயம்

கார்த்திகை மாதத்தில் வடகீழ்ப் பருவமழை இறங்கியதும் மருதமுனை முதல் பொத்துவில் வரையான அம்பாறைக் கரையோரத்தில் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்குத் தடிமன், பெரியவர்களுக்குக் காய்ச்சல், அனைவருக்கும் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர். நான்கைந்து நாட்களில் எழுந்து நடமாடிவிடலாம் என்ற நம்பிக்கையில் இந்நோயை எவரும் பெரிதுபடுத்துவதில்லை. பெரும்பாலானோருக்கு அந்நம்பிக்கை பொய்ப்பதுமில்லை. ஆனால் வயிற்றில் பிள்ளையைச் சுமந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு இதே தடிமன் காய்ச்சல் வேறொரு நோயாக மாறிவிடக்கூடும் என்பதை எமது சமூகம் இன்னும் போதியளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இன்புளுவென்சா எனப்படும் இந்தக் காய்ச்சல் சாதாரண தடிமனிலிருந்து வேறுபட்டதாகும். கர்ப்ப காலத்தில் உடலின் நோயெதிர்ப்பு முறைமை மாற்றமடைகின்றது. இதயம் வழமையிலும் கூடுதலாக உழைக்கின்றது. வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிவதற்கான இடம் குறைகின்றது; அதேவேளை ஒட்சிசனின் தேவையோ அதிகரிக்கின்றது. இந்நிலையில் கிருமி நுரையீரலைத் தாக்கி நியூமோனியாவை உண்டாக்கினால், அதனைத் தாங்குவதற்கான மேலதிக வலு தாயிடம் இருப்பதில்லை. 1918 ஆம் ஆண்டின் பெருங்கொள்ளை நோயின்போது அமெரிக்காவில் நோயுற்ற 1,350 கர்ப்பிணிகளைப் பற்றித் திரட்டப்பட்ட தகவல்கள், அவர்களுள் 27 சதவீதமானோர் உயிரிழந்ததைக் காட்டின. அன்று தீவிர சிகிச்சைப் பிரிவும் இல்லை, நுண்ணுயிர்க்கொல்லிகளும் இல்லை என்பது உண்மையே. ஆயினும் இவை யாவும் வந்துவிட்ட பின்னர் 2009 இல் பரவிய எச்1என்1 காய்ச்சலின்போதும், உலகின் பல நாடுகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கொண்டுவரப்பட்டோரில் கர்ப்பிணிகளின் பங்கு அவர்களது சனத்தொகை விகிதத்தை விட மிக அதிகமாகவே இருந்தது. இலங்கையும் அதற்கு விதிவிலக்காகவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஒசெல்டமிவிர் போன்ற மருந்துகள், நோய்க்குறி தோன்றி 48 மணித்தியாலங்களுக்குள் ஆரம்பிக்கப்பட்டால்தான் நன்கு பயனளிக்கின்றன. "தடிமன்தானே, மாறிவிடும்" என்று மூன்று நாட்கள் வீட்டிலேயே கைவைத்தியம் பார்த்துவிட்டு, மூச்சுத்திணறல் ஏற்பட்ட பின்னர் வைத்தியசாலைக்கு விரைவது எமது பிரதேசத்தில் இன்றும் காணப்படும் வழக்கமாகும். கொத்தமல்லித் தண்ணீரை நாம் குறை கூறவில்லை. அதனைக் குடித்துக்கொண்டே வைத்தியரிடமும் போகலாமே என்பதுதான் எமது கேள்வி.

தாயின் பாதுகாப்பு ஒருபுறமிருக்க, சிசுவின் பாதுகாப்பும் இதிலேயே தங்கியுள்ளது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இன்புளுவென்சாத் தடுப்பூசி ஏற்ற முடியாது. ஆனால் நோய் அக்குழந்தையைத் தொற்றுவதற்கு வயதெல்லை எதுவுமில்லை. கர்ப்ப காலத்தில் தாய்க்கு ஏற்றப்படும் தடுப்பூசியினால் அவரது குருதியில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குச் செல்வதே, முதல் ஆறு மாதங்களில் அப்பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய தடுப்பாகும்.

இவ்வுண்மையை முதன்முதலாக முறையான சோதனை மூலம் உலகுக்கு எடுத்துக்காட்டியவர்கள் ஐரோப்பியத் தாய்மாரோ அமெரிக்கத் தாய்மாரோ அல்லர். பங்களாதேஷின் டாக்காவைச் சேர்ந்த 340 தாய்மாரே அவர்கள். அவர்களுள் ஒரு பகுதியினருக்குக் கர்ப்பத்தின் இறுதி மூன்று மாதங்களில் இன்புளுவென்சாத் தடுப்பூசியும், மறு பகுதியினருக்கு நியூமோனியாவுக்கு எதிரான வேறொரு தடுப்பூசியும் ஏற்றப்பட்டன. 2008 இல் வெளியான முடிவுகளின்படி, முதற் பகுதித் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளிடையே ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யப்பட்ட இன்புளுவென்சா 63 சதவீதத்தினால் குறைந்திருந்தது. தாய்மாரிடையே காய்ச்சலுடன் கூடிய சுவாச நோய்கள் 36 சதவீதத்தினால் குறைந்திருந்தன. இதன் பின்னர் தென்னாபிரிக்கா, மாலி, நேபாளம் ஆகிய நாடுகளிலும் இத்தகைய ஆய்வுகள் மேற்கொள்ளப்பட்டன. பங்களாதேஷும் மாலியும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் என்பதை எமது வாசகர்கள் கவனத்திற் கொள்ள வேண்டும். 2012 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், பருவகால இன்புளுவென்சாத் தடுப்பூசியை வழங்கும் அல்லது வழங்க எண்ணும் நாடுகள் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் அளிக்க வேண்டுமெனப் பரிந்துரை செய்தது. பிரித்தானியாவில் 2010 முதலே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றது.

தடுப்பூசி நூறு வீதமும் நோயைத் தடுத்துவிடும் என்று எவரும் கூறவில்லை. 63 சதவீதம் என்றால் எஞ்சிய 37 இருக்கவே செய்கின்றது. கிருமி ஆண்டுதோறும் உருமாறுவதால் சில ஆண்டுகளில் பலன் கூடுதலாகவும் சில ஆண்டுகளில் குறைவாகவும் இருக்கும். "ஊசி போட்ட பிறகும் எனக்குத் தடிமன் வந்ததே" என்று கூறுவோரையும் நாம் அறிவோம். தடிமனை உண்டாக்கும் கிருமிகள் ஏராளம். இந்த ஊசியோ இன்புளுவென்சாவை மாத்திரமே எதிர்க்கின்றது. கையில் ஓரிரு நாள் வலி, சிலருக்கு இலேசான காய்ச்சல் என்பன ஏற்படலாம். முன்னர் ஏதேனும் தடுப்பூசியினால் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் அதனை வைத்தியரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது அவசியமாகும். கர்ப்பிணிகளுக்கு ஏற்றப்படும் வகையில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை.

தாய் சேய் நலத்தில் இலங்கை பெற்றுள்ள புகழ் சாதாரணமானதன்று. 1940 களில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரை இழந்துகொண்டிருந்த நாடு, அத்தொகையை முப்பது அளவுக்குக் குறைத்துக் காட்டியது. வீடு வீடாகச் சென்ற குடும்பநல உத்தியோகத்தர்களே இச்சாதனையின் அத்திவாரமாவர். எமது கரையோரத்துப் பெண்கள் கர்ப்பமுற்றதும் பதிவு செய்கின்றனர், கிளினிக் அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கின்றனர், திரிபோஷா பெறுகின்றனர், ஏற்புவலித் தடுப்பூசியைக் கேள்வியின்றி ஏற்றிக்கொள்கின்றனர். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டு, நாட்டிலேயே அதிக உயிரிழப்பை ஏற்படுத்திய வேளையிலும், அகதி முகாம்களில் பெருந்தொற்று எதுவும் பரவாமல் தடுத்ததில் இவ்வுத்தியோகத்தர்களுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் பெரும் பங்குண்டு. ஆனால் ஏற்புவலித் தடுப்பூசிக்குக் கிடைத்த இடம் இன்புளுவென்சாத் தடுப்பூசிக்குக் கிடைக்கவில்லை. பணமுள்ளவர் தனியார் வைத்தியசாலையில் வாங்கி ஏற்றிக்கொள்ளும் பொருளாகவே அது இந்நாட்டில் நீண்ட காலமாக இருந்து வந்துள்ளது. மீனவரின் மனைவியும் வயற்கூலியின் மனைவியும் அதன் பெயரைக் கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

இது கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கச் செய்யப்பட்டால் எமது பெண்கள் முன்வருவார்களா? முஸ்லிம்கள் மார்க்கத்தின் பெயரால் தடுப்பூசியை மறுப்பவர்கள் என்றொரு எண்ணம் சிலரிடம் உள்ளது. இதனை நாம் ஏற்கவில்லை. மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ஏற்றாமல் எவரும் ஹஜ் கடமைக்குச் செல்ல முடியாது. அதற்கு எவரும் முணுமுணுப்பதுமில்லை. சவூதி சுகாதார அமைச்சு இன்புளுவென்சாத் தடுப்பூசியையும் ஹாஜிகளுக்குச் சிபாரிசு செய்கின்றது. கொள்ளை நோய் பரவிய செய்தி கேட்டுச் சிரியாவுக்குள் நுழையாமல் வழியிலேயே திரும்பிய கலீபா உமர் (ரழி) அவர்களின் வரலாற்றை எமது பள்ளிவாசல்களில் அடிக்கடி கேட்கின்றோம். விதியை நம்புவதும் முன்னெச்சரிக்கை செய்வதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதற்கு உலமாக்கள் காட்டும் சான்று அதுவே. தடுப்பூசி மேற்கத்தேயச் சதி என்போர் இன்னொரு வரலாற்றையும் அறிந்திருப்பது நன்று. பெரியம்மைக்கு எதிராக அம்மைப்பால் குத்தும் முறையைப் பிரித்தானியத் தூதுவரின் மனைவி மேரி மொன்டேகு 1717 இல் கண்டறிந்து தமது நாட்டுக்குக் கொண்டு சென்றது உதுமானியப் பேரரசில் இருந்துதான். அங்கு அதனைச் செய்து வந்தவர்கள் வயது முதிர்ந்த பெண்கள்.

ஆகவே தடை மார்க்கத்தில் இல்லை. அது வதந்தியில் இருக்கின்றது. வதந்தி என்னும்போது அம்பாறை மாவட்டத்து மக்களுக்கு நாம் நீண்ட விளக்கம் அளிக்க வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான உணவகத்தில் பரிமாறப்பட்ட உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகக் கூறி ஒரு கும்பல் திரண்டது. சிங்களம் சரிவரத் தெரியாத ஊழியர் ஒருவர் அச்சத்தினால் தலையசைத்த காட்சி கைத்தொலைபேசிகளில் பரவியது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது, கடைகளும் வாகனங்களும் சேதமாக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதித்தபோது அங்கு காணப்பட்டது வெறும் மாக்கட்டியே என்பது தெரியவந்தது. உணவில் கலந்து ஒருவரை மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகில் இல்லை என்பதை வைத்தியர்கள் உரத்துச் சொன்னார்கள். அதற்குள் எரிய வேண்டியவை எரிந்துவிட்டன. அடுத்த ஆண்டில் குருநாகல் வைத்தியசாலையில் கடமையாற்றிய முஸ்லிம் வைத்தியர் ஒருவர் மீது, ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களை மலடாக்கினார் என்ற பழி சுமத்தப்பட்டது. அப்பழி ஒரு நாளிதழின் முதற்பக்கச் செய்தியாகவே வெளிவந்தது என்பதைப் பத்திரிகைத் தொழிலில் உள்ளவர்கள் என்ற வகையில் வெட்கத்துடன் இங்கு குறிப்பிடுகின்றோம். அதற்கு ஆதாரம் எதுவுமில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றுக்கு அறிவித்தது.

இவ்வாறு மலட்டுத்தன்மை பற்றிய பொய்யினால் அடிபட்ட ஒரு சமூகம், அதே பொய் தடுப்பூசியின் வடிவில் தன் வீட்டுக்குள் நுழையும்போது அதனை நம்பிவிடலாமா? "இந்த ஊசி எமது பெண்களைப் பிள்ளை பெறாமல் ஆக்கிவிடும்" என்று கைத்தொலைபேசியில் வரும் குரல்பதிவும், அன்று அம்பாறை நகரில் பரவிய பேச்சும் ஒரே உலைக்களத்தில் உருவானவை. மற்றவர் பரப்பும்போது அது வதந்தி, எம்மவர் அனுப்பும்போது அது எச்சரிக்கை என்று கொள்வது நியாயமாகாது. நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் 2003 இல் போலியோச் சொட்டு மருந்து பெண்களை மலடாக்கும் என்ற பேச்சுக் கிளம்பி, மாநில அரசே அதனை நிறுத்தி வைத்தது. சுமார் ஓராண்டின் பின்னர் இந்தோனேசியாவில் தயாரான மருந்தைப் பரிசோதித்துத் திருப்தியடைந்து மீண்டும் தொடங்கிய வேளையில், அங்கிருந்து கிளம்பிய கிருமி எல்லைகள் தாண்டிப் பல நாடுகளுக்குப் பரவிவிட்டிருந்தது. ஊனமுற்ற பிள்ளைகளுள் பலர் ஏழை முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள். ஆபிரிக்கா அக்கிருமியிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது 2020 இல்தான்.

ஆயினும் அச்சத்துக்கான முழுப் பொறுப்பையும் மக்கள் மீது சுமத்துவது நேர்மையாகாது. 2020 இல் கொவிட் தொற்றினால் இறந்த அனைவரது உடல்களையும் தகனம் செய்ய வேண்டுமென ஏப்ரல் மாதத்தில் வர்த்தமானி வெளியிடப்பட்டது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்த நிலையிலும், ஜனாஸாக்களை எரிக்க வேண்டாமென முஸ்லிம்கள் மன்றாடியபோதிலும் அது செவிமடுக்கப்படவில்லை. அவ்வாண்டின் நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றில் தொற்றுக் கொத்தணி உருவாகி அப்பகுதி தனிமைப்படுத்தப்பட்ட வேளையில் இச்சட்டமே நடைமுறையில் இருந்தது. வைத்தியசாலைக்குப் போனால், அங்கு மரணித்தால், தன் உடலுக்கு என்ன நேரும் என்று ஒரு முதியவர் அஞ்சியதில் என்ன தவறு இருக்கின்றது? 2021 பெப்ரவரி 25 ஆம் திகதி அச்சட்டம் நீக்கப்பட்டு, மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடமளிக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு கடதாசியில் இருக்கின்றது. வெள்ளை உடுப்பணிந்து வரும் அரச உத்தியோகத்தர் கூறுவதை நம்பலாமா என்ற தயக்கம் இன்னும் வீடுகளில் இருக்கின்றது. அதனைப் போக்க வேண்டிய கடப்பாடு சுகாதார அமைச்சுக்கே முதலில் உரியதாகும். கேள்வி கேட்கும் தாயை "படிப்பறிவற்றவர்" என்று தள்ளிவிடாமல் பதில் சொல்லும் பொறுமை அதன் முதற்படியாகும். சந்தேகம் எழுந்தபோது ஆராய்ந்து பார்க்கும் மரபு எமது சுகாதாரத்துறைக்கு இல்லாமலில்லை. 2008 ஜனவரியில் அறிமுகமான ஐந்நோய்த் தடுப்பூசி, சில குழந்தைகளின் மரணத்தைத் தொடர்ந்து ஏப்ரலில் இடைநிறுத்தப்பட்டு, நிபுணர்களால் ஆராயப்பட்டு, 2010 இலேயே மீண்டும் வழங்கப்பட்டது. இதனை மறைக்காமல் எடுத்துக் கூறினால் நம்பிக்கை வளருமே தவிர குறையாது.

சில்லறை ஐயங்களும் உள்ளன. எச்1என்1 கிருமிக்கு "பன்றிக் காய்ச்சல்" என்று பெயர் விழுந்தது பெருந்துரதிர்ஷ்டம். பெயரைக் கேட்டதுமே எமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சிலர் எண்ணிக்கொண்டனர். அந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவியது. பெயரின் வலிமைக்கு எகிப்து அரசும் தப்பவில்லை: நாட்டில் ஒரு நோயாளி கூட இனங்காணப்படாத நிலையில் 2009 இல் அது நாட்டிலிருந்த பன்றிகள் அனைத்தையும் கொல்ல உத்தரவிட்டது. ஜெலட்டின் பற்றிய கேள்வி நியாயமானது. பன்றியிலிருந்து பெறப்படும் ஜெலட்டின் சேர்க்கப்படுவது மூக்கினுள் தெளிக்கும் வகையிலாகும். அது உயிருள்ள கிருமியைக் கொண்டது என்பதால் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படுவதேயில்லை. ஊசி வகையைப் பொறுத்தவரை, கொள்வனவு செய்யப்படும் தயாரிப்பின் உட்பொருட்களை அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சுகாதார அமைச்சிடம் கேட்டறிந்து மக்களுக்கு அறிவிப்பதில் எவ்விதச் சிரமமும் இருக்க முடியாது. நோன்பு காலத்தில் தசையில் ஏற்றப்படும் ஊசி நோன்பை முறிக்காது என்பது மார்க்க அறிஞர்கள் பலரது நிலைப்பாடாகும்.

கொழும்பில் அமர்ந்து சுவரொட்டி அச்சிடுவோர் அறியாத ஒரு விடயத்தை இங்கு குறிப்பிட வேண்டும். இக்கரையோரத்தில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் பெண் திருமணமாகிக் கணவன் வீடு செல்வதில்லை. கணவனே பெண் வீட்டுக்கு வருகின்றான். சீதனமாகக் கிடைத்த வீடும் பெரும்பாலும் தாய் வீட்டு வளவிலோ அதற்கு அருகிலோதான் இருக்கும். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு நடத்திய மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதனை விரிவாகவே எழுதியிருக்கின்றார். கணவன் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வீடுகளில் கர்ப்பிணி என்ன சாப்பிடுவது, எந்த வைத்தியரிடம் போவது, எந்த ஊசியைப் போடுவது என்பவற்றைத் தீர்மானிப்பவர் அவளது உம்மாவே. தமிழ் வீடுகளில் அம்மாவும் அம்மம்மாவும். "நான் ஏழு பிள்ளை பெத்தன், எனக்கு எந்தத் தடிமன் ஊசி போட்டாங்க?" என்று ஓர் உம்மா கேட்டுவிட்டால் அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. ஆகவே கிளினிக்கில் கர்ப்பிணிக்கு மட்டும் வகுப்பு நடத்துவதில் பாதிப் பயனே கிடைக்கும். அந்த உம்மாவையும் கதிரை போட்டு அமர்த்திப் பேச வேண்டும். அவர் பெற்ற ஏழு பிள்ளைகளுக்கும் ஏற்புவலி வராமல் காத்தது எது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோவில் பரிபாலன சபைகளும் ஓரிரு வார்த்தைகள் சொன்னால் அவை எந்தச் சுவரொட்டியையும் விட வலிமையுடையனவாக அமையும். ஜும்ஆப் பிரசங்கம் பெரும்பாலும் ஆண்களின் காதுக்கே எட்டுகின்றது என்பதால், பெண்களுக்கான மார்க்க வகுப்புகளில் இது பேசப்படுவது கூடுதற் பயன் தரும். இன்னொன்றையும் மனம் திறந்து கூற விரும்புகின்றோம். கல்முனை நகரில் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இரு ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. ஒன்று எமது, மற்றது அவர்களது என்று பேசும் பழக்கம் இரு சமூகத்தவரிடமும் ஊறிவிட்டது. பிரதேச செயலகத்தின் எல்லை எதுவென்பது பற்றிய வழக்கைக் கிருமி அறியாது. பாண்டிருப்புக் கர்ப்பிணியும் சாய்ந்தமருதுக் கர்ப்பிணியும் ஒரே சந்தையில் மீன் வாங்குகின்றனர், ஒரே பேருந்தில் இருமலைக் கேட்கின்றனர். பணியை இரு சமூகங்களின் வைத்தியர்களும் ஒரே மேடையில் நின்று தொடங்குவார்களாயின் அதுவே பல ஐயங்களைத் தீர்த்துவிடும்.

பிந்தினால் என்ன நேரும் என்பதற்கு அண்மைய அனுபவம் ஒன்று இருக்கின்றது. 2019 இல் சின்னமுத்து ஒழிக்கப்பட்டுவிட்டதாக நற்சான்று பெற்ற இந்நாட்டில், 2023 இல் அந்நோய் மீண்டும் தலைதூக்கியது. 2024 ஜனவரியில் ஆறு முதல் ஒன்பது மாதம் வரையான சிசுக்களுக்கு மேலதிகத் தடுப்பூசி வழங்கத் தெரிவுசெய்யப்பட்ட ஒன்பது பகுதிகளுள் கல்முனையும் ஒன்று. வழமையான வயதை எட்டாத பச்சிளங் குழந்தைகளைக் காப்பாற்ற அன்று அவசரம் அவசரமாக ஓட வேண்டியிருந்தது.

இன்புளுவென்சாவைப் பொறுத்தவரை அவ்வாறு ஓட வேண்டிய தேவையில்லை. அதன் நாட்காட்டி முன்னரே தெரிந்ததுதான். இலங்கையில் அது ஆண்டில் இரு தடவைகள், ஏப்ரல் முதல் ஜூன் வரையும் நவம்பர் முதல் ஜனவரி வரையும், உச்சமடைகின்றது. உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசியில் சேர்க்க வேண்டிய கிருமி வகைகளை ஆண்டுக்கு இருமுறை தீர்மானிக்கின்றது. ஊசி ஏற்றப்பட்டு எதிர்ப்புச் சக்தி உருவாகச் சுமார் இரு வாரங்கள் செல்லும். இவற்றைக் கணக்கிட்டால், நிதி ஒதுக்கீடும் கொள்வனவும் ஆண்டின் நடுப்பகுதியிலேயே முடிந்திருக்க வேண்டும். முழு நாட்டுக்கும் ஒரே தடவையில் வழங்க நிதி போதாதெனில், கல்முனை சுகாதாரப் பிராந்தியத்தை முன்னோடியாகக் கொண்டு தொடங்கும்படி இம்மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் சுகாதார அமைச்சரிடம் கட்சி பேதமின்றிக் கோர வேண்டும். மருதமுனையிலும் நிந்தவூரிலும் திருக்கோவிலிலும் உள்ள கிளினிக்குகளின் குளிர்சாதனப் பெட்டிகளுக்குள் ஐப்பசி மாதம் பிறப்பதற்கு முன்னர் அந்தத் தடுப்பூசிகள் வந்து சேர்ந்துவிட வேண்டும்.